இடது கண்

ராஜபாளையத்துக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடக்கிறது. கிழக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் காலை வெளிச்சம் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையில் விழுகிறது. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்த மாரீஸ்வரி, தலையில் ஒட்டிய பஞ்சோடு வாசலில் நிற்கிறாள். நாலாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் சிவரஞ்சனி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரிவரை கணீரென்று வாசிக்கிறாள். மாரீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்ப வலது கண்ணப் பொத்திட்டு வாசிம்மா" என்கிறார் டாக்டரம்மா. பிள்ளை வலது கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். பிறகு, "அதான் பொத்திட்டேனே, எப்பிடி வாசிக்க?" என்கிறாள். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாரீஸ்வரியைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "சின்னதுலயே இந்தக் கண்ணுல பார்வை வளராமப் போச்சு. மூணு வயசுல பாத்திருந்தா சரிபண்ணிருக்கலாம். இப்ப வைத்தியம் பாத்தாலும் முழுசா வர்றது கஷ்டம்மா." குளிப்பாட்டி, பவுடர் பூசி, அந்தக் கண்ணுக்கும் சேர்த்துத்தானே தினமும் மை தீட்டிவிட்டாள்! அதற்குள் சிவரஞ்சனி ஓடிவந்து சேலையைப் பிடித்து இழுக்கிறாள். "ஏம்மா, எல்லாருக்கும் ரெண்டு கண்ணுலயுமா தெரியும்?" மாரீஸ்வரி குனிந்து அவள் முகத்தைப் பார்க்கிறாள். "இல்லட்டி. எனக்கும் ஒண்ணுலதான் தெரியும்." பிள்ளையின் முகம் தெளிகிறது. "எந்தக் கண்ணும்மா?" மாரீஸ்வரி தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டுகிறாள். தொட்ட விரல் நனைந்துவிடுகிறது.