எதிராக ஒரு ஓட்டு

ஆதரிப்பவர்கள் எழுந்து நின்றபோது டாக்டர் ஆர்லன் ஹாகன் உட்கார்ந்தே இருந்தார். நின்றவர்களைக் கழுத்தைத் திருப்பி ஒரு சுற்றுப் பார்த்தார். "எதிர்ப்பவர்கள்" என்று சபைத் தலைவி அழைத்ததும் முதல் ஆளாக எழுந்தார்.

மாநில மருத்துவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி டாக்டர் மார்டா.

அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைக் கோடைக்குள் மூடப்போகிறார்கள். சின்ன ஊர் வார்டுகளுக்கு அரசு பணம் தர வேண்டும் என்று சங்கம் சட்டசபையில் வாதாட வேண்டும், அதுதான் தீர்மானம். அடுத்த கூட்டம் அடுத்த வருடம்தான். அதற்குள் வார்டுக்குப் பூட்டு விழுந்துவிடும். போன குளிர்காலத்தில், பனியில் சிக்கிய காருக்குள் மார்டா ஒரு பிரசவம் பார்த்தார். குழந்தை பிழைக்கவில்லை.

தீர்மானம் ஆறு ஓட்டில் தோற்றது.

மார்டா துள்ளி எழுந்தார். "இன்னொரு தடவை ஓட்டெடுங்க!"

"தோத்தவங்க கேட்டா எடுக்க முடியாது மார்டா. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்க யாராவது இன்னிக்குள்ள கேட்டா எடுக்கலாம். விதி அப்படி" என்றார் சபைத் தலைவி.

"கேட்டுட்டாலும்!" என்றார், தீர்மானத்தை எதிர்த்த தலைநகர் டாக்டர்களின் தலைவர் பிரெஸ்காட். அவர் மேஜையே சிரித்தது.

மார்டாவுக்கு மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாது. முகம் சிவந்து, கண் கலங்கி, சாப்பாட்டுக் கூடத்தில் கணவரைப் பிடித்தார்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா? அந்தக் குழந்தைய நீயும்தானே பாத்தே?"

"சூப் ஆறுது. சாப்பிடு" என்றார் ஆர்லன். சங்கக் கூட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர், தன் தட்டை எடுத்துக்கொண்டு பிரெஸ்காட்டின் மேஜைக்கே போய் உட்கார்ந்தார்.

பிரெஸ்காட் அவர் முதுகில் தட்டினார். "பொண்டாட்டிய எதிர்த்து எழுந்திரிக்கிறதுக்கு ஒரு தில்லு வேணும்யா! ராத்திரி எங்கே படுப்பே?"

"கார்லதான்" என்றார் ஆர்லன். "நீங்க கிளம்பலையா? சாயந்திரம் பனி கொட்டுமாம். அப்புறம் ரோட்டுலயே கிடக்கணும்."

"மிச்சம் என்ன இருக்கு? ஓட்டல்காரனுக்கு நன்றி சொல்ற தீர்மானம். அத நீங்களே சொல்லிக்கங்க."

பிரெஸ்காட்டின் பெட்டியை ஆர்லனே பஸ் வரைக்கும் தூக்கிப் போனார். தலைநகர் கோஷ்டி மொத்தமும் ஏறிக்கொள்ள, கையசைத்து வழியனுப்பினார். மார்டா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் யாரோடு குடித்தனம் நடத்தினோம் என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

மதியக் கூட்டத்தில் பாதிக்குமேல் நாற்காலிகள் நிறைந்திருந்தன. காலியாகக் கிடந்ததெல்லாம் தலைநகர்க்காரர்களின் வரிசைகள். ஓட்டலுக்கு நன்றி சொன்னார்கள். சமையல்காரருக்கும் சொன்னார்கள். மார்டா கோட்டை மாட்டிக்கொண்டு, கணவர் பக்கம் திரும்பாமல் வாசலை நோக்கி நடந்தார்.

"வேற யாருக்காவது ஏதாவது இருக்கா? இல்லேன்னா முடிச்சிடலாம்" என்றார் சபைத் தலைவி.

ஆர்லன் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். மார்டாவின் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

"காலையில ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவன் நான். மார்டா தீர்மானத்துக்குத் திரும்ப ஓட்டெடுங்க."