இருநூறு கிலோ கூடுதல்

ஒற்றைத் தண்டவாள ரயிலில் இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தால்தான் வண்டி வேகமெடுக்கும். திண்டிவனத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும், பருத்த தாய்மாமன் முதற்கொண்டு, இடது பக்கமே உட்கார்ந்தார்கள். பெண் வீட்டார் என்னோடு வலது பக்கம். சம்பந்திகள் கலந்து உட்கார்ந்தால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

வண்டி ஊர்ந்தது. பத்து மணிக்கு எழும்பூரில் எனக்கு இன்டர்வியூ. எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்.

"இடது பக்கம் இருநூறு கிலோ கூடுதல். தயவுசெய்து மாறி உட்காரவும்" என்று ஐந்தாவது முறையாகக் கெஞ்சியது வண்டி.

பொறுக்க முடியாமல் எழுந்து கத்தினேன். "நூறு கிலோ இந்தப் பக்கம் வந்தா கணக்கு சரியாயிடும். மாப்பிள்ளையோட தாய்மாமா, நீங்க ஒருத்தர் வந்தா போதும்!"

"வாங்க மாமா, முகூர்த்தம் போயிடும்" என்று மணப்பெண்ணே சிரித்தாள்.

தாய்மாமன் தில்லைநாயகம் முறைத்துக்கொண்டே வந்தார். என் பக்கத்து இருக்கை மட்டுந்தான் காலி. உட்காராமல் கேட்டார்: "நீ என்ன ஆளுங்க?"

"அம்பத்தெட்டு கிலோ ஆளுங்க."

பெட்டியே அதிர்ந்தது; மாப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மனிதர் தொப்பென்று உட்கார, வண்டி அம்பாகப் பாய்ந்தது. செங்கல்பட்டு வளைவில் சாய்ந்தபோது அலறி என் கையைப் பிடித்தார்.

"மெதுவாப் போகச் சொல்லு தாயி!"

"ஆடாம உட்காருங்க மாமா!"

ஒன்பது ஐம்பதுக்கே எழும்பூர் வந்துவிட்டது. அவர் கையை விட்டால்தானே நான் இறங்க!