மூன்றாவது முகம்

சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, என் கதையைத் தன் போனில் திறந்தாள் நிஷா.

"தேவகிக்கா, இன்னா பண்ணணும்?"

"மொதல்ல ஹீரோயின் மூஞ்சிய செலக்ட் பண்ணு. அப்புறம் நீதான் ஹீரோயின். நீ தொடுறபடிதான் கதை போவும்."

ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூருக்கு வரும் ஷூ கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து டைப் செய்த கதை. வாணியம்பாடி தாண்டுவதற்குள் ஒரு பக்கம் முடித்துவிடுவேன்.

கதையை வெளியிட ஒரு ஆப் கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். கறுப்புக் கதாநாயகியைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

முதலில் வந்த படத்தில் என் கதாநாயகி மைதா மாவு நிறம். கறுப்பு என்று எழுதினேன். மாநிறம் வந்தது. கறுப்பாகப் போட்டால் டல்லாக இருக்கும் மேடம் என்றான் படம் போடுகிறவன். எனக்கு வந்ததே கோபம்!

எங்கள் வேலையில் கலரை வாயால் சொல்ல மாட்டோம். தோலில் ஒரு துண்டு வெட்டி, இந்த ஷேடுதான் வேண்டும் என்று அனுப்புவோம். நானும் ஒரு கரும்பழுப்புத் துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மூன்று மாதம் சண்டை. கடைசியில் மூன்று முகம் வைத்தார்கள். வெள்ளை, மாநிறம், மூன்றாவது கறுப்பு. எடுப்பான மூக்கு, வாய் நிறையச் சிரிப்பு. அப்படியொரு அழகு.

முதல் வாரம் யாரும் தொடாவிட்டால் அதைத் தூக்கிவிடுவார்களாம். ஊரில் யார் தொடாவிட்டாலும் போகட்டும், நிஷா தொட்டால் போதும் எனக்கு.

நிஷா ஷேடு பார்ப்பதில் எமகாதகி. இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் நூலளவு கலர் மாறினாலும் தனியே தூக்கிப் போடுவாள். சூப்பர்வைசர் கண்ணுக்கே தெரியாதது அவளுக்குத் தெரியும்.

அவள் விரல் மூன்றாவது முகத்தின் மேல் நின்றது.

பிறகு முதல் முகத்தைத் தொட்டாள்.

"ஏன்டி, மூணாவதுக்கு இன்னா கொறச்சல்?"

"அதுவும் ஹீரோயினாக்கா? நான் வேலைக்காரின்னு நெனச்சிட்டேன்."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பாக்யலட்சுமிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நிஷாவும் சேர்ந்து சிரித்தாள்.

அடிப்பாவி. ஆப் கம்பெனிக்காரனோடு மல்லுக்கு நின்றேன். இவளோடு எப்படி நிற்பது?

போன ஆயுத பூஜைக்கு நான் எடுத்து, அவர்களுக்கு அனுப்பிய நிஷாவின் போட்டோவைப் பார்த்துத்தான் அந்த முகத்தை வரைந்திருந்தார்கள்.