மூணு இலைச் சனியன்

கோமதிநாயகம் நான்கு காலில் நின்று புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் குதிரை பிஜிலி ஓரமாக ஒதுங்கி, அவரை வேடிக்கை பார்த்தது.

செம்பூரில் சுற்றுச்சுவருக்குள் கிடந்த காலி மனை அது. ஆறு நாளாக விடிகாலை நாலு மணிக்கே அங்கே ஆஜராகிவிடுகிறார்.

"குதிரை சும்மா நிக்கு, நீங்க மேயுதீய," என்று மனைவி முருகம்மாள் டீயை நீட்டினாள். "வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாவது படுங்க."

"படுக்கவா? இந்த மூணு இலைச் சனியன் ஒண்ணு மிஞ்சினாலும் நம்ம பொழப்பு போச்சுட்டீ!"

விஷயம் இதுதான். தாராவித் தமிழர் கல்யாணங்களிலும் இப்போது மாப்பிள்ளை குதிரையில்தான் வருகிறார். போன வாரம் மாட்டுங்கா மண்டபத்தில் பிஜிலி மேல் ஏறி உட்கார்ந்து பிடரியைப் பிடித்த ஒரு மாப்பிள்ளை, 'சீ' என்று கையை உதறினார். பிடரி முழுக்க எச்சில்.

கோமதிநாயகம் மிருக டாக்டருக்குப் போன் போட்டார். "மேயுற இடத்துல க்ளோவர்னு மூணு இலைச் செடி இருக்கா பாருங்க. பூஞ்சை பிடிச்ச க்ளோவரைத் தின்னா குதிரைக்கு எச்சில் கொட்டும். வேரோட பிடுங்குங்க," என்றார் டாக்டர்.

பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் நாலு இடத்தில் வேர்விட்டிருந்தது. முந்தாநாள் கல்யாணத்தில் பிடரி முன்னைவிட ஈரம்.

கல்யாணங்களுக்கு அவரை அழைக்கும் பேண்ட் மாஸ்டர் அப்ரார் பொறுமை இழந்துவிட்டார். "அண்ணாச்சி, இன்னைக்கு ஆக்ரி சான்ஸ். இன்னைக்கும் ஈரம்னா வேற குதிரை பாத்துக்குவேன்."

மதியம் கடைசிச் செடியும் வேரோடு வந்தது. கோமதிநாயகத்துக்கு விரல் நகமெல்லாம் ரத்தம், மனசெல்லாம் சந்தோஷம். பிஜிலியின் பிடரிக்கு ஷாம்பு போட்டு, துடைத்து, காயவைத்து, வழக்கம்போல் தானே ஏறி மாட்டுங்காவுக்குக் கிளம்பினார்.

பிஜிலிக்கு வழி மனப்பாடம். பாதி வழியில் இருக்கும் சுனாபட்டி வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பேண்ட் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது மண்டப வாசல் வந்திருந்தது.

ஆட்டோ பிடித்து முன்னாலேயே வந்திருந்த முருகம்மாள் கைகூப்பி நின்றாள். அப்ரார் நேராக வந்து பிடரியில் கை வைத்தார். வைத்த கையைக் குர்தாவில் துடைத்துக்கொண்டார்.

"பஸ், அண்ணாச்சி. போதும்."

கோமதிநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே குதித்தார். "ஒரு இலைகூட விடலயே பாய்! ஆறு நாளா தூங்கலயே!"

பதறிப்போய்க் குதிரையின் வாயைப் பிளந்து காட்டினார். வாயோரம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

முருகம்மாள் குதிரையின் வாயைப் பார்த்தாள். பிடரியைத் தொட்டு மோந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் புருஷனின் தாடையைத் துடைத்துவிட்டு, அப்ராரிடம் திரும்பினாள்.

"இருவத்திரெண்டு வருசமா தலகாணி உறை துவைக்கவ நான், பாய். இது யாரு எச்சின்னு எனக்குத் தெரியாதா?"