ஐந்து குட்டிப் பதக்கங்கள்

"அந்த மைக்கை யாராவது வாங்குங்களேன்" என்று ஜெயராணி பல்லைக் கடித்தாள். யாரும் நகரவில்லை. பிடித்திருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன்.

கடலூர் செம்மண்டலத்தில் அவள் மகள் அனுப்பிரியாவின் திருமண வரவேற்பு. நிச்சயதார்த்தத்தன்று பந்தி தாமதமானதை மாப்பிள்ளையின் தாய்மாமன் இளவரசு இன்றுவரை மறக்கவில்லை. பிறரையும் மறக்க விடவில்லை. "பொண்ணு வீட்ல சோத்துக்குக் காத்துக் கெடந்தோம்" என்ற அந்தப் பேச்சு இன்னொரு முறை எழக் கூடாது என்பதற்காகவே ஜெயராணி சிதம்பரத்துச் சமையல்காரரை அமர்த்தி, கொத்சு முதற்கொண்டு அத்தனையும் அங்கேயே சமைத்துக் கொண்டுவர ஏற்பாடு செய்திருந்தாள். பொறுப்பை அண்ணன் ராபர்ட்டிடம் ஒப்படைத்திருந்தாள்.

ராபர்ட், பிரிட்டிஷ் ராணுவத்தின் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பிய பிறகு ஒருநாளும் பதக்கங்களை வெளியே எடுத்தவரில்லை. அனுப்பிரியா கெஞ்சியதால் இன்று கோட்டில் குத்திக்கொண்டு, கூச்சத்தோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். போன் பேச வெளியே போனவர், திரும்பி வந்து நேராக மேடையேறிவிட்டார். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"மேஜர் சார், மெடலெல்லாம் சட்டைப் பொத்தான் சைசுல இருக்கே?" முன்வரிசையிலிருந்து இளவரசு கேட்டார்.

"பகல்ல பெருசு. ராத்திரி விருந்துக்குக் குட்டிதான் போடணும், அதுதான் எங்க வழக்கம்" என்ற ராபர்ட், ஒவ்வொன்றாகத் தொட்டு விளக்கத் தொடங்கினார். போஸ்னியாவின் பனியில் ரொட்டி லாரிகளைக் கொண்டு சேர்த்ததற்கு ஒன்று. ஆப்கானிஸ்தான் பாலைவனத்துக்குத் தண்ணீர் அனுப்பியதற்கு ஒன்று. மூன்றாவது, ராணியின் பொன்விழாவுக்கு.

"அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. வேலையில இருந்தேன், குடுத்தாங்க."

மண்டபம் சிரித்தது. இளவரசு விடவில்லை. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்தும்பாங்க. சார் அத ரெண்டையும் உத்தியோகமாவே பாத்திருக்காரு."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ராபர்ட்தான். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை; நான்காவதையும் விளக்கினார். குழந்தைகளை மேடைக்கு அழைத்துப் பதக்கங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். செல்ஃபிக்கு வரிசை நீண்டது. பெருமை பீற்றலுக்கும் ஓர் அளவு உண்டு என்று பெண்வீட்டாரே முணுமுணுத்தார்கள்.

ஜெயராணி மேடையேறி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, பசியோட ஒக்காந்திருக்காங்க. என் மானத்த வாங்காத."

"இன்னும் ஒண்ணுதாம்மா பாக்கி" என்றவரின் கண் ஜன்னலிலேயே இருந்தது.

ஐந்தாவது பதக்கத்தின் கதை பாதியில் இருந்தபோது, வெளியே மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்று மண்டபத்தின் பின்பக்கம் திரும்பியது. ராபர்ட் அந்த வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. "மீதி இன்னொரு கல்யாணத்துல. எல்லாரும் சேந்து ஒரு போட்டோ, அப்புறம் நேரா பந்திதான்."

பந்தியில் இளவரசு கொத்சை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். "சாப்பாட்டுல ஒரு குறை சொல்ல முடியாதுங்க. ஒங்க அண்ணன் வாயத்தான் கட்டிப் போட்டிருக்கணும்."

அந்தக் கோபம் ஆறுமுன் ஜெயராணி சமையற்கட்டுக்குப் போனாள். ராபர்ட் கோட்டைக் கழற்றிவிட்டு, வேனில் காலி அண்டாக்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னண்ணே பேச்சு ஒனக்கு?"

"புதுச்சத்திரத்துல சமையல் வண்டி அச்சு முறிஞ்சு நின்னுடுச்சு, ஜெயா. நான் மேடை ஏறுனப்ப இங்க ஒரு பருக்கை இல்ல" என்றார் ராபர்ட். "ஸ்கூல் வேன் பிடிச்சு மாத்தி ஏத்திட்டாங்க. அது வந்து சேர்ற வரைக்கும் நேரத்தத் தள்ள எங்கிட்ட அஞ்சு மெடல்தான் இருந்துச்சு."