தோளில் நிற்காத கை

இறந்துபோன தன் ஆறு வயது மகன் தன்னையே வரைந்துவைத்திருந்த படத்தைக் கொண்டுவந்து, அது ஒரே ஒருமுறை கையசைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள் செங்கமலம். அனிமேஷன் வேலை செய்யும் பெனிட்டா பத்து நாள் பாடுபட்டு அந்தக் கையைத் தோளில் பொருத்தியிருந்தாள். இன்று காலை மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன்பிறகு கையைத் திருப்பினால் அது தோளிலிருந்து திரும்பாமல் தன் நடுவிலிருந்தே சுழன்றது. உடம்பைவிட்டுக் கழன்று தனியாக மிதந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்தாள்; அதிலோ கோப்பு திறக்கவே இல்லை. கை சுழலும் மையப்புள்ளியை இழுத்துத் தோளில் வைத்தாள். விட்டதும் அது நடுவுக்கே ஓடியது. மறுபடி வைத்தாள், மறுபடியும் வைத்தாள். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்ட செங்கமலம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, புள்ளைக்குக் கை கழண்டு கழண்டு போவுது?"

"காலையில எல்லாத்தையும் மாத்திட்டாங்கக்கா. தோள்ல நிக்கவே மாட்டேங்குது. என்ன பண்றதுன்னே தெரியல." பெனிட்டா இன்னொருமுறை புள்ளியைத் தோளுக்கு இழுத்தாள்.

செங்கமலம் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள். முந்தானையில் விரலைத் துடைத்து, திரையில் மகனின் தோள் இருந்த இடத்தில் அழுத்தி வைத்தாள்.

"நான் புடிச்சிக்கிறேன். நீ மெதுவா ஆட்டு."