களைக்குச் சொந்தக்காரி

நாட்டின் விவசாய வரலாற்றில் ஒரு மகத்தான அத்தியாயம், பாலாவி ஊருக்கு அப்பால், உப்புக்காற்று அடிக்கும் ஒரு வெறுங்காணியில், மண்டை பிளக்கும் வெயிலில் ஆரம்பமாகியது.

விவசாய உத்தியோகத்தர் கஜமுகன், கையுறை போட்ட இரண்டு விரல்களால் ஒரு செடியைத் தூக்கிப் பிடித்தார்.

"கரட் இலை போல இலை. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அழகில் ஏமாந்துவிடாதீர்கள்! இதுதான் பார்த்தீனியம். தோலுக்கும் சுவாசத்துக்கும், ஏன், இந்தத் தேசத்துக்கே எதிரி!"

தேசத்தின் எதிரி காணி முழுக்க இடுப்பளவு பூத்து நின்றது.

பிறகு சட்டத்துக்கு வந்தார். களையைக் காணிக்காரரே பிடுங்கி எரிக்க வேண்டும். மழை விட்டதும் மறுபடி வந்து பார்ப்பார். இருந்தால் வழக்கு.

"சரி, இது ஆற்ற காணி? ஆர் சொந்தக்காரர்?"

கூடி நின்ற ஊரார் எல்லோரும் உசனார் ஹாஜியாரைப் பார்த்தார்கள்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த நாள் முதல் கைருன்னிஸா இதன் ஓரத்தில்தான் ஓலைக்கொட்டில் போட்டு இருக்கிறாள். அவள் ஒரு முருங்கைக் கம்பு ஊன்றினாலும், "என்ட காணி, புள்ள" என்று பிடுங்கி எறிகிறவர் அவர். காணி உறுதிப் பத்திரம் அவரிடமும் கிடையாது. குரல் இருந்தது.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அல்லாவுக்காக சேர், எனக்கும் இந்தக் காணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

கைருன்னிஸாவுக்கு மூச்சு வாங்கியது. பூ பூக்கும் காலமெல்லாம் அவளுக்கு இந்த இழுப்புத்தான்.

"என்ட காணிதான் சேர்," என்றாள்.

உத்தியோகத்தர் பாராட்டினார். கையுறையை ஞாபகமாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சொப்பிங் பேக்கைக் கையில் கட்டி, முக்காட்டால் மூக்கைப் பொத்தி, அவள் தன்னந்தனியாகப் பிடுங்கினாள். முழங்கை வரை தோல் தடித்துச் சிவந்தது. கடைசிச் செடியும் குவியலில் விழுந்த அன்று, அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் வந்தார். காணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார்.

"நல்லா சுத்தமாக்கிட்டீங்களே புள்ள. மழை விட்டதும் வேலி அடிக்க ஆள் அனுப்புறன்."

"அண்டைக்கு சம்பந்தமில்ல எண்டீங்க, ஹாஜியார்?"

"அது களைக்கிச் சொன்னது."

அவர் போன பிறகு கைருன்னிஸா நெருப்புப் பெட்டியோடு குவியலுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தாள். சண்டை பிடிக்க நெஞ்சில் காற்று இல்லை.

நெருப்புப் பெட்டியை மடியில் செருகினாள். காய்ந்த செடிகளை ஒரு கட்டாகத் தூக்கினாள். இருமி இருமி, வேலி வரப்போகும் நீளத்துக்கெல்லாம் நடந்து, விதை கொட்டக் கொட்ட உதறினாள். பிறகு அடுத்த கட்டை எடுத்தாள்.

மழை பெய்து ஓய்ந்தது. காணி வெள்ளையாகப் பூத்தது. கஜமுகன் வந்து காணிக்காரர் யார் என்று கேட்டார்.

உசனார் ஹாஜியாரே முன்னால் வந்து, கைருன்னிஸாவைக் கைகாட்டினார்.